தெரபி நாயுடன் முதியோர் இல்லத்துக்கும் சிறப்புப் பள்ளிக்கும் செல்ல விரும்புகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வீட்டு நாயை அழைத்துக்கொண்டு முதியோர் இல்லங்களுக்கும் சிறப்புப் பள்ளிகளுக்கும் தொண்டாகச் சென்றுவர நினைப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெருநகரங்களில் இதற்கென அமைப்புகளும் பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள். நம் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு நாய், அதன் குடும்பம், கதவைத் திறக்கச் சம்மதிக்கும் ஓர் இல்லம் என்ற அளவில்தான் இது தொடங்குகிறது. ஆகவே பதில்களையும் அந்த அளவுக்கு ஏற்றவாறே எழுதியிருக்கிறேன்.

தெரபி நாய் என்பது எது? பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாயும் இதுவும் ஒன்றா?

இரண்டும் வேறு. வழிகாட்டி நாய் ஒரே ஒருவருக்காகப் பழக்கப்பட்டது. தெருவைக் கடப்பது, படியைக் காட்டுவது என்று அந்த ஒருவரின் அன்றாட வாழ்க்கைக்கு உதவுவதே அதன் வேலை. தெரபி நாய் உங்கள் வீட்டுச் செல்லப் பிராணி. உங்களுடன் வந்து, முன்பின் தெரியாதவர்கள் அருகில் அமைதியாக உட்கார்ந்து, அவர்கள் தடவிக்கொடுக்க இடம் தருகிறது. வேலை முடிந்ததும் உங்களோடு வீடு திரும்புகிறது.

இன்னொன்றும் உண்டு. பேச்சுப் பயிற்சியாளரோ இயன்முறை மருத்துவரோ தம் சிகிச்சைத் திட்டத்தின் ஒரு பகுதியாக நாயைப் பயன்படுத்துவது அது. கை தூக்கப் பழக வேண்டிய ஒருவரை நாயின் முதுகைச் சீப்பால் வாரச் சொல்வார்கள். அதற்கு நோக்கம், அளவீடு, பதிவேடு எல்லாம் வேண்டும். இந்தப் பக்கத்தில் பேசப்போவது அதைப் பற்றி அல்ல, தொண்டர்கள் செய்யும் எளிய சந்திப்பைப் பற்றித்தான்.

இது எப்போது தொடங்கியது?

நீண்ட நாள் நோயாளிகளுக்கு ஒரு சிறு வளர்ப்புப் பிராணி நல்ல துணை என்று பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார். நியூயார்க்கில் குழந்தைகள் மனநல வல்லுநராக இருந்த போரிஸ் லெவின்சன், யாரிடமும் ஒட்டாத ஒரு சிறுவன் அறையில் இருந்த தம் நாய் ஜிங்கிள்ஸிடம் மட்டும் நெருங்கியதைக் கவனித்தார். 1960களில் அதைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். 1976இல் எலைன் ஸ்மித் என்ற செவிலியர், தொண்டர்களையும் அவர்களின் நாய்களையும் பதிவுசெய்யும் அமைப்பை அமெரிக்காவில் தொடங்கினார். இன்று நாம் செய்யும் சந்திப்புகளின் வடிவம் பெரும்பாலும் அங்கிருந்து வந்ததுதான்.

உண்மையில் பயன் உண்டா, அல்லது வெறும் பொழுதுபோக்கா?

நாயைத் தடவும் நேரத்தில் பதற்றமும் தனிமை உணர்வும் குறைவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை சிறிய ஆய்வுகள். பலன் எத்தனை நாள் நீடிக்கிறது என்பதில் உறுதி குறைவு. மறதி நோயை நாய் குணப்படுத்தும், ஆட்டிசத்தைச் சரிசெய்யும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நீங்களும் அப்படிச் சொல்லி இல்லத்தாரிடம் அனுமதி கேட்காதீர்கள்.

நான் கண்ணால் காண்பது வேறொன்று: பேச்சு தொடங்குகிறது. பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் மாதக் கணக்கில் படுத்திருந்தும் ஒருவரோடொருவர் பேசாதவர்கள், நாய் போன பிறகும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதாக இல்லத்தின் ஆயாக்கள் சொல்கிறார்கள். உதவியாளரின் கை எந்நேரமும் தம்மீது பட்டுக்கொண்டிருக்க, தாம் ஒருவரை அன்போடு தொட வாய்ப்பே இல்லாமல் போன முதியவர்களுக்கு அந்த வாய்ப்பு திரும்பக் கிடைக்கிறது. எனக்கு இதற்கு மேல் ஆதாரம் தேவைப்படவில்லை.

எங்கள் பக்கத்தில் நாய் என்றால் காவலுக்குத்தான். பெரியவர்கள் இதை ஏற்றுக்கொள்வார்களா?

இந்தக் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் கேழ்வரகு விளையும் காலத்தில் யானைக்காகப் பரண் கட்டிக் காவல் இருப்பவர்களுக்கு நாய்தான் முதல் எச்சரிக்கை. மாந்தோப்பிலும் ஆட்டுப்பட்டியிலும் அதே வேலைதான். நாயை வீட்டுக்குள் விடாத, மடியில் வைத்துக் கொஞ்சாத தலைமுறை அது.

ஆனால் அந்தத் தலைமுறைக்கு நாயைத் தெரியாது என்று எண்ணிவிடாதீர்கள். நம் எல்லைக்கு அப்பால், திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் 7ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் கவர வந்தவர்களோடு நடந்த சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதைக் கல்வெட்டு பெயர் சொல்லிப் பதிந்திருக்கிறது. நடுகற்கள் நிறைந்த தகடூர் (தர்மபுரியின் பழைய பெயர்) மண்ணில் நாயை மதிப்பது புதிதாக இறக்குமதியான பழக்கம் அல்ல.

முதியோர் இல்லத்தில் நான் கேட்கும் கதைகளும் இந்த வகையைச் சேர்ந்தவைதான். "எங்கள் பட்டியில் ஒரு செவலை நாய் இருந்தது" என்று ஆரம்பித்தால் பாப்பிரெட்டிப்பட்டி மலையடிவாரம் முழுவதும் அதில் வந்துவிடும். முதலில் "நாயை எதற்கு உள்ளே கொண்டுவருகிறீர்கள்?" என்று அதட்டிய பெரியவரிடம், "ஐயா, உங்கள் தோட்டத்தில் நாய் இருந்ததா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் தொட வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. தூரத்தில் உட்கார்ந்து, நாய் வளர்ப்பதில் நீங்கள் செய்யும் குறைகளைச் சொல்லித்தந்தாலும் அந்தச் சந்திப்பு நல்ல சந்திப்புதான்.

என் நாய் இதற்குப் பொருந்துமா என்று எப்படி அறிவது?

வயது முதல் நிபந்தனை. ஒரு வயதுக்குக் குறைந்த குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். பல்லும் நகமும் அதன் கட்டுப்பாட்டில் இராது, நோய் எதிர்ப்பும் முழுமையாக இராது. உங்களோடு குறைந்தது ஆறு மாதமாவது வாழ்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் அதன் முகக்குறிப்பு உங்களுக்குப் பிடிபட்டிருக்கும்.

அடுத்தது குணம். "யாரையும் கடிக்காது" என்று பலர் தம் நாயைப் பற்றிச் சொல்கிறார்கள். அது போதாது. கடிக்காமல் பொறுத்துக்கொள்ளும் நாய் வேறு, அந்நியர் வந்தால் தானாக எழுந்து சென்று பக்கத்தில் உட்காரும் நாய் வேறு. இரண்டாவது வகைதான் இந்த வேலைக்கு உரியது. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் உங்கள் நாய் என்ன செய்கிறது என்று ஒரு மாதம் கவனியுங்கள். கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறதா, குரைத்துவிட்டுப் பிறகு அடங்குகிறதா, மேலே தாவி நக்குகிறதா, அல்லது அருகில் வந்து நின்று முகத்தைப் பார்க்கிறதா? கடைசி வகை நாயை வைத்திருந்தால் தொடர்ந்து படியுங்கள். தாவும் நாயைப் பயிற்சியால் திருத்தலாம். ஒளியும் நாயை விட்டுவிடுங்கள். அதற்கு விருப்பம் இல்லை என்று அது உங்களிடம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அளவு பெரிய பிரச்சினை இல்லை. லாப்ரடார் போன்ற பெரிய நாயின் தலை கட்டில் உயரத்துக்கு வருவதால் படுத்திருப்பவர்கள் குனியாமல் தொடலாம். சிறிய நாயை மடியில் துணி விரித்து வைக்கலாம். பக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்குச் சூடும் நெடும்பயணமும் ஆகா என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

நாட்டு நாய், ராஜபாளையம், தெருவில் இருந்து எடுத்து வளர்த்த நாய் இவை சரிப்படுமா?

சரிப்படும் நாய்களும் உண்டு, சரிப்படாதவையும் உண்டு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாம் வேட்டைக்கும் காவலுக்கும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. பெரும்பாலும் ஒரு குடும்பத்தோடு ஒட்டி, அந்நியரிடம் ஒதுங்கி இருக்கும். அதைக் குறையாகக் கருதி மாற்ற முயல வேண்டாம். ஆனால் குட்டியிலிருந்து பலரோடு பழகிய தெருநாய் ஒன்று, விலை கொடுத்து வாங்கிய நாயைவிட நிதானமாக இருப்பதையும் பார்த்திருக்கிறேன். சாதியைப் பார்க்காதீர்கள், எதிரில் இருக்கும் நாயைப் பாருங்கள். பழைய அடிகளால் கை ஓங்கினாலே நடுங்கும் நாயை மட்டும் எக்காரணம் கொண்டும் அழைத்துவராதீர்கள். இல்லத்தில் நடுங்கும் கைகளும் திடீரென்று உயரும் கைகளும் நிறைய.

என்ன பயிற்சி தர வேண்டும்? இங்கே பயிற்சியாளர் கிடைப்பதில்லையே?

உட்கார், இரு, விடு, வா. இந்த நான்கும் எந்தச் சத்தத்திலும் உறுதியாக இருக்க வேண்டும். கயிறு தளர்ந்த நிலையில் உங்கள் அருகில் நடக்க வேண்டும். "விடு" என்பதற்கு முதலிடம் கொடுங்கள். தரையில் விழுந்த மாத்திரையை நாய் வாயில் எடுக்காமல் இருப்பது அந்த ஒரு சொல்லால்தான்.

அமெரிக்கக் கென்னல் கிளப் 1989இல் தொடங்கிய, நல்லொழுக்க நாய்க்கான பத்துச் சோதனைகள் நல்ல அளவுகோல். அந்நியர் நெருங்குவது, தடவ அனுமதிப்பது, கூட்டத்தில் நடப்பது, இன்னொரு நாயைக் கண்டும் அமைதியாக இருப்பது, உங்களைவிட்டுச் சில நிமிடம் பிரிந்திருப்பது போன்றவை அதில் அடங்கும். சான்றிதழ் கிடைக்காவிட்டாலும் வீட்டில் நீங்களே இவற்றைச் செய்து பார்க்கலாம்.

பயிற்சிக்கு நம் ஊரிலேயே இடங்கள் இருக்கின்றன. வீட்டில் எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டுப் பழக்குங்கள். ஊன்றுகோலும் வாக்கரும் கடன் வாங்கி அதன் முன்னால் நடந்து காட்டுங்கள். சக்கர நாற்காலியை முதலில் நிறுத்தி வைத்து முகரவிட்டு, பிறகு மெல்ல நகர்த்துங்கள். ஒவ்வொரு முறையும் அமைதியாக இருந்ததற்குச் சிறு தீனி. கூட்டம் பழக, சந்தை நாளில் சந்தைக்குள் போகாமல் அதன் ஓரத்தில், நாய் அமைதி இழக்காத தூரத்தில் நின்று திரும்பிவிடுங்கள். வாரங்கள் போகப் போக அந்தத் தூரத்தைக் குறைக்கலாம். அடித்துப் பழக்கும் பயிற்சியாளரிடம் நாயை ஒப்படைக்காதீர்கள். அடிக்குப் பயந்து அடங்கிய நாய், பயத்தின் அறிகுறிகளைக் காட்டுவதை நிறுத்திவிடும். அறிகுறி காட்டாத நாய்தான் முன்னறிவிப்பு இல்லாமல் கடிக்கும்.

என்னென்ன தடுப்பூசிகள், சான்றுகள் வேண்டும்?

ரேபீஸ் தடுப்பூசி மூன்று மாத வயதில் தொடங்கி ஆண்டுதோறும் தவறாமல் போடப்பட்டிருக்க வேண்டும். மனிதருக்கு வரும் ரேபீஸில் 99 விழுக்காடு வரை நாய்களால் பரவுவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தடுப்பூசி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டுதான் எந்த வாசலையும் மிதிக்க வேண்டும். ஜூலை 6, உலக விலங்குவழி நோய்கள் தினத்தை ஒட்டி அரசுக் கால்நடை மருத்துவமனைகளில் இலவசத் தடுப்பூசி முகாம் நடப்பது வழக்கம்.

டிஸ்டெம்பர், பார்வோ, ஹெபடைடிஸ் ஆகியவற்றோடு எலிக் காய்ச்சலுக்கும் சேர்த்துப் போடும் கூட்டுத் தடுப்பூசியும் ஆண்டுக்கு ஒருமுறை தேவை. எலிக் காய்ச்சல் நாயின் சிறுநீர் வழியாக மனிதருக்கும் வரக்கூடியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு நீக்க மருந்து. உண்ணி, தெள்ளுப்பூச்சி, சொறி, படர்தாமரை எதுவும் இருக்கக் கூடாது. வயிற்றுப்போக்கு, இருமல், காதில் சீழ் இருந்தால் அந்த வாரம் சந்திப்பு கிடையாது. பச்சை இறைச்சி தின்னும் நாய் சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடும் என்பதால் வெளிநாட்டு அமைப்புகள் பல அத்தகைய நாய்களை ஏற்பதில்லை. வேகவைத்த உணவுக்கு மாற்றிவிட்டு வாருங்கள்.

கால்நடை மருத்துவரிடம் ஒரு தாளில் உடல்நலச் சான்று எழுதி வாங்கி, அதையும் தடுப்பூசி அட்டை நகலையும் இல்லத்தாரிடம் கொடுத்துவையுங்கள். நகராட்சி, மாநகராட்சி எல்லையில் இருப்பவர்கள் நாய் உரிமம் பற்றி அலுவலகத்தில் விசாரித்துப் பெற்றுக்கொள்ளுங்கள்.

யாரிடம் அனுமதி வாங்குவது?

"தெரபி நாய்" என்று பட்டை கட்டிவிட்டால் எங்கும் நுழைய உரிமை வந்துவிடாது. அழைப்பவர் அழைத்தால்தான் போக முடியும். 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பள்ளிகள், மருத்துவமனைகள், பஸ் நிலையங்கள் ஆகியவற்றின் வளாகங்களில் இருந்து தெருநாய்களை அகற்ற உத்தரவிட்டது. அதன்பின் நிர்வாகிகளுக்கு நாய் என்றாலே தயக்கம் கூடியிருக்கிறது. அது இயல்புதான். அவர்கள் தயக்கத்தோடு வாதாடாமல், முதல் முறை நாய் இல்லாமல் போய்ச் சான்றுகளைக் காட்டிப் பேசுங்கள். யாருக்கு ஒவ்வாமை, யாருக்கு ஆஸ்துமா, யாருக்கு ஆறாத புண், யாருக்குப் பயம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கழிப்பறை எங்கே, சமையலறை எங்கே, நாய் சிறுநீர் கழிக்க எந்த மூலை, வளாகத்தில் தெருநாய் உண்டா என்பதையும் பாருங்கள். அந்த வாசல் நாய்கள் உங்கள் நாயைச் சூழ்ந்துகொண்டால் அன்றைய சந்திப்பு தொடங்கும் முன்பே கெட்டுவிடும். காவலாளி முன்கூட்டியே அவற்றுக்குப் பின்பக்கம் தீனி வைத்தால் தீர்ந்தது.

குழந்தைகள் இல்லமாக இருந்தால் நிர்வாகியின் வாய்மொழி போதாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடம் எழுதிக் கேட்டு அனுமதி பெறுங்கள். அரசு மருத்துவமனைகளை இப்போதைக்கு விட்டுவிடலாம் என்பது என் கருத்து. நெரிசலான வார்டில் ஒரு நோயாளி விரும்பினாலும் அடுத்த கட்டிலில் இருப்பவருக்கு ஒதுங்க இடம் இருக்காது. தீவிர சிகிச்சை, தீக்காயம், அறுவைக்குப் பின் ஆறாத காயம், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இருக்கும் பிரிவுகளுக்குள் வெளிநாடுகளிலும் பெரும்பாலும் தெரபி நாயை எளிதில் விடுவதில்லை.

ஒரு சந்திப்பு எப்படி நடக்கும்?

முந்தின நாள் குளிப்பாட்டல், நகம் வெட்டல். வயதானவர்களின் தோல் மெல்லியது, கூர்நகம் லேசாகப் பட்டாலே கிழியும். புறப்படும் முன் வயிறு நிறையத் தின்னக் கொடுக்காதீர்கள். கயிறு ஆறு அடிக்கு மேல் வேண்டாம். இழுத்து நீளும் வகைக் கயிறு அறவே கூடாது, வாக்கரில் சுற்றிக்கொள்ளும்.

உள்ளே போனதும் நேராக ஆளிடம் போகாதீர்கள். நாய் அந்த இடத்தை, டெட்டால் வாசனையை, மின்விசிறிச் சத்தத்தை உள்வாங்கச் சில நிமிடம் நில்லுங்கள். ஒவ்வொருவரிடமும் முதலில் நீங்கள் மட்டும் போய், "பாட்டி, நாய் பக்கத்தில் வரலாமா?" என்று கேளுங்கள். பதில் வந்த பிறகே நாய். ஓசூர், தளி பக்கத்து இல்லங்களில் தெலுங்கும் கன்னடமும் பேசும் முதியவர்கள் அதிகம். மறதி நோய் முற்றியவர்களில் பலருக்குத் தாய்மொழிதான் எஞ்சியிருக்கும். அந்த ஒரு கேள்வியை மூன்று மொழியிலும், கிருஷ்ணகிரி நகரில் உருதுவிலும் கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

தொடும் முன்னும் தொட்ட பின்னும் அவர்கள் கையைச் சோப்பு அல்லது சானிடைசரால் துடைக்க வேண்டும். சானிடைசர் காய்ந்த பிறகே நாயைத் தொடவிடுங்கள், ஈரக் கையை நாய் நக்கக் கூடாது. நாய் பக்கவாட்டில் நிற்கட்டும். முகத்துக்கு நேர் முகம் வைக்க வேண்டாம். காது, கழுத்து, மார்பு தடவ நல்ல இடங்கள். கட்டியணைப்பதைப் பெரும்பாலான நாய்கள் விரும்புவதில்லை, அன்பாகச் சொல்லித் தடுத்துவிடுங்கள்.

மொத்தம் ஒரு மணி நேரத்துக்குள் முடியுங்கள். ஆரம்ப மாதங்களில் இருபது நிமிடமே தாராளம். எல்லாக் கட்டிலையும் சுற்றிவர வேண்டும் என்ற கணக்கு வேண்டாம். அன்று மூன்று பேரிடம் நன்றாக உட்கார்ந்தால் போதும்.

நாய்க்குப் போதும் என்று எப்படித் தெரியும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நாயால் "எனக்கு வேண்டாம்" என்று வாயால் சொல்ல முடியாது. உடலால் சொல்கிறது. தூக்கம் இல்லாத நேரத்தில் கொட்டாவி விடுவது. தீனி எதுவும் இல்லாமல் மூக்கை நக்குவது. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வது. கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரியும்படி சாய்த்துப் பார்ப்பது. காதைப் பின்னே மடிப்பது, வாலைக் கீழே தணிப்பது, ஒரு காலைத் தூக்கியபடி நிற்பது. வெயில் இல்லாமலே மூச்சிரைப்பது. நனையாமலே உடலை உதறுவது. உங்கள் கால்களுக்குப் பின்னால் வந்து நிற்பது. இவற்றில் ஒன்றைக் கண்டால் அந்த ஆளிடமிருந்து மெல்ல நகர்த்துங்கள். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் விடைபெற்றுக் கிளம்புங்கள்.

எளிய சோதனை ஒன்று உண்டு. தடவிக்கொண்டிருப்பவரைக் கையை எடுக்கச் சொல்லுங்கள். நாய் திரும்பவும் நெருங்கி அந்தக் கையைத் தேடினால் அதற்கு இன்னும் விருப்பம் இருக்கிறது. அசையாமல் நின்றாலோ விலகினாலோ போதும் என்று பொருள். பாட்டிகளும் இதை ஆர்வத்தோடு கற்றுக்கொள்கிறார்கள். "கையை எடுத்தேன், அதுவாகவே வந்தது" என்று சொல்லும்போது அவர்கள் முகத்தில் வரும் பெருமை தனி. யாரும் வற்புறுத்தாமல் ஓர் உயிர் தன்னிடம் வந்திருக்கிறது என்பதால் வரும் பெருமை அது. நாயின் சம்மதத்தை நாம் மதிப்பதால்தான் அந்த மகிழ்ச்சியே கிடைக்கிறது. கழுத்தைப் பிடித்து இழுத்து மடியில் திணித்த நாயால் அதைத் தர முடியாது.

ஆகவே சந்திப்பு நேரம் முழுவதும் உங்கள் கண் நாயின் மேல் இருக்கட்டும். வார்டனோடு பேசவும் கைப்பேசியைப் பார்க்கவும் வெளியே வந்தபின் நேரம் கிடைக்கும். கயிறு எப்போதும் உங்கள் கையிலேயே இருக்க வேண்டும். ஆசையாகக் கேட்டாலும் இல்லத்தவரிடமோ குழந்தையிடமோ தராதீர்கள். வீடு திரும்பிய பின் அது எப்படி இருக்கிறது என்றும் பாருங்கள். களைத்துத் தூங்குவது இயல்பு. அடுத்த வாரம் பெல்ட்டை எடுத்ததும் ஓடி ஒளிந்தால், அதற்கு இந்த வேலை பிடிக்கவில்லை.

கோடையில் போகலாமா?

மார்ச் முதல் ஜூன் வரை தர்மபுரி, அரூர், ஊத்தங்கரை பக்கம் காலை எட்டரைக்கு முன் முடித்துவிடுங்கள். நாய்க்கு மூச்சிரைப்புதான் உடலைக் குளிர்விக்கும் முக்கிய வழி. தார்ச்சாலையில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால் அதன் பாதமும் வெந்துபோகும். நிறுத்திய காருக்குள் "ஐந்து நிமிடம்தானே" என்று விட்டுப் போகவே கூடாது. ஓசூர் மேட்டுநிலம் என்பதால் சற்று எளிது, ஆனால் தகரக் கூரை போட்ட கட்டடம் எங்கிருந்தாலும் அடுப்புதான். தண்ணீரும் கிண்ணமும் வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். தீபாவளியை ஒட்டிய இரண்டு வாரம் விடுமுறை.

பயப்படுபவர்களிடமும், சமயக் காரணத்தால் விலகுபவர்களிடமும் எப்படி நடந்துகொள்வது?

விலகி நடந்துகொள்வதுதான் முறை. நாயின் எச்சில் பட்டால் தொழுகைக்கு முன் சுத்தம் செய்ய வேண்டும் என்று கருதும் முஸ்லிம் பெரியவர்கள் இருக்கிறார்கள். பூசை அறைப் பக்கம் நாய் வரக் கூடாது என்பவர்களும் இருக்கிறார்கள். சிறு வயதில் கடி வாங்கி, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்ட பழைய நினைவோடு இருப்பவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் யாருடைய மனத்தையும் மாற்றுவது நம் வேலை இல்லை. எல்லோரும் கூடும் கூடத்தில் நாயை நிறுத்தாமல், தனி அறையிலோ வேப்பமரத்தடியிலோ உட்காருங்கள். விரும்புபவர்கள் அங்கே வரட்டும். வராதவர்களிடம் நாயை வெளியே உடனிருப்பவரிடம் விட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு நீங்கள் மட்டும் போய் நலம் விசாரியுங்கள்.

சிறப்புப் பள்ளிகளில் குழந்தைகளோடு என்ன செய்யலாம்?

ஒரே நேரத்தில் இரண்டு மூன்று குழந்தைகள் போதும், ஆசிரியர் கட்டாயம் உடன் இருக்க வேண்டும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் சிலருக்கு ரோமத்தின் தொடுகை இதமாக இருக்கும், சிலருக்கு அது தாங்க முடியாததாக இருக்கும். முன்னதாக நாயின் படத்தை ஆசிரியரிடம் கொடுத்து, "வியாழக்கிழமை இது வரும், இப்படி உட்காரும், இப்படிப் போகும்" என்று காட்டச் சொன்னால் பாதிப் பதற்றம் குறையும். தொடாமல் தீனிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றுவது, பந்தை உருட்டுவது, சீப்பால் வாருவது எல்லாம் நல்ல செயல்கள்.

திக்கித் திக்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு வழி. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 1999இல், குழந்தைகள் நாய்க்குப் புத்தகம் வாசித்துக் காட்டும் திட்டம் தொடங்கியது. நாய் பிழை திருத்தாது, சிரிக்காது, அவசரப்படுத்தாது. நம் கிளை நூலகங்களிலும் தொடக்கப் பள்ளிகளிலும் பாயை விரித்து இதைச் செய்யலாம். தமிழ்ப் பாடநூல் ஒன்றும் பொறுமையான நாய் ஒன்றும் இருந்தால் போதும்.

பிஸ்கட் கொடுக்க ஆசைப்படுகிறார்களே?

தம் பங்குக் களியில் பாதியை எடுத்து வைத்துவிட்டுக் காத்திருக்கும் பாட்டிகள் உண்டு. அந்த அன்பை மறுக்க மனம் வராது. நீங்களே பாதுகாப்பான தீனியை எடுத்துச் சென்று, அதை அவர்கள் கையால் கொடுக்கச் செய்யுங்கள். உள்ளங்கையை விரித்து வைத்துக் கொடுக்க வேண்டும், விரலால் பிடித்துக் கொடுக்கக் கூடாது. சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், சர்க்கரை இல்லாத மிட்டாய்களில் சேர்க்கப்படும் சைலிட்டால் ஆகியவை நாய்க்கு நஞ்சு. வேகவைத்த கோழி எலும்பு தொண்டையைக் கிழிக்கும்.

கீறினாலோ கடித்தாலோ என்ன செய்வது?

உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்கக் கூடாது. "தடுப்பூசி போட்ட நாய்தானே" என்று சமாதானம் சொல்லாமல், தடுப்பூசி அட்டையோடு அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ரேபீஸ் தடுப்பூசி அங்கே இலவசம். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் வரச் சொல்வார்கள். ஆழமான கடிக்கு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் ஊசியும் தேவைப்படும். முடிவு மருத்துவருடையது. நாயைப் பத்து நாள் கண்காணிப்பில் வைக்க வேண்டும். நடந்ததை நிர்வாகியிடம் எழுதிக் கொடுங்கள், குடும்பத்தாருக்கும் தெரிவியுங்கள். கடித்த நாய் மீண்டும் சந்திப்புக்கு வரக் கூடாது.

படம் எடுத்து முகநூலில் போடலாமா?

நாயின் படத்தைப் போடுங்கள். இல்லத்தில் வாழும் குழந்தையின் முகமோ பெயரோ வெளியே வரக் கூடாது. இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 74ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது. முதியவர்களிடம் எழுத்துபூர்வச் சம்மதம் வேண்டும், மறதி நோய் உள்ளவர் தரும் சம்மதம் சம்மதம் ஆகாது. கைவிடப்பட்ட நிலையில் ஒரு தாயின் முகத்தை ஊர் பார்க்க வைப்பதைவிடப் பெரிய அவமதிப்பு இல்லை. நான் கைப்பேசியைக் காரிலேயே வைத்துவிடுகிறேன்.

இதற்குப் பணம் வாங்கலாமா?

தொண்டுச் சந்திப்புக்கு வாங்குவதில்லை. தடுப்பூசி, தீனி, பெட்ரோல் எல்லாம் நம் செலவு. தொலைவு கூடினால் செலவும் நாயின் களைப்பும் கூடும், ஆகவே அரை மணி நேரப் பயணத்துக்குள் இருக்கும் ஓர் இல்லத்தைத் தேர்ந்தெடுத்து அங்கேயே தொடர்ந்து போங்கள். பத்து இடங்களுக்கு ஒருமுறை போவதைவிட ஓர் இடத்துக்கு மாதம் இருமுறை தவறாமல் போவது மேல். அவர்கள் நாள் எண்ணிக் காத்திருப்பார்கள். வர முடியாவிட்டால் முன்தினமே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

என் நாய்க்கு வயதாகிவிட்டது. எப்போது நிறுத்துவது?

எட்டு ஒன்பது வயதைக் கடந்தபின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இடுப்பு வலி உள்ள நாய் தொட்டதும் திரும்பிப் பார்க்கும். காது மந்தமான நாய் பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிடும். இவை தொடங்கியதும் ஓய்வு கொடுத்துவிடுங்கள். திடீரென்று நிற்காமல், கடைசியாக ஒருமுறை அழைத்துச் சென்று விடைபெறச் செய்வது நல்லது. இனி அது வராது, ஏன் வராது என்பதைப் பெரியவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வயதாகி வேலையை விடுவது அவர்களுக்குத் தெரியாத செய்தி அல்ல.

என்னிடம் நாய் இல்லை. நான் எப்படி உதவலாம்?

எங்களுக்கு மிகவும் தேவைப்படுபவர் நீங்கள்தான். நாயோடு வருபவர் நாயை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று மேலே சொன்னேன். அப்படியானால் கை துடைத்துவிட, நாற்காலி நகர்த்த, யார் வேண்டாம் என்றார் என்று நினைவில் வைக்க, வாசலில் தெருநாய்களைத் திசைதிருப்ப, பேச்சு நீளும்போது பாட்டியின் கதையைக் கேட்டு முடிக்க இன்னொருவர் உடன் இருக்க வேண்டும். தெலுங்கோ கன்னடமோ உருதோ தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. கார் வைத்திருப்பவர்கள் மாதம் ஒரு காலை வேளையைத் தரலாம், பஸ்ஸில் நாயோடு வருவது எளிதல்ல. கால்நடை மருத்துவம் படிக்கும் மாணவர்கள் சந்திப்புக்கு முன் உண்ணி, காது, நகம் பார்த்துத் தரலாம். முதலில் உங்கள் ஊரில் உள்ள முதியோர் இல்லத்துக்கு ஒருநாள் வெறுங்கையோடு போய், அங்கே யாருக்கெல்லாம் நாய் பிடிக்கும் என்று கேட்டு எழுதிவையுங்கள். நாயோடு வருபவர் அந்தப் பட்டியலை வைத்துத்தான் வேலையைத் தொடங்க முடியும்.